ஆள் சேர்த்த படம்

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பின்வரிசையில் நின்ற ஒருவரின் வலது கை அந்த நாற்காலிக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு தோளைப் பிடித்திருப்பதுபோல விரல்களை வளைத்து நின்றது. நாற்காலியின் முதுகுக் கட்டையில் அது படவே இல்லை. டச்சிங் அக்கா படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு கல்யாணம், ஒரு பள்ளிக்கூட வகுப்பு, பதினேழு பாஸ்போர்ட் முகம் என்று பருவையும் தழும்பையும் அழித்து அழித்துக் கண் பூத்துப்போயிருந்தது. கண்ணில் கோளாறு என்றால் சொட்டு மருந்து போதும். விட்டுக்கொண்டாள். கை அப்படியேதான் இருந்தது.

ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே டச்சிங் அக்காதான். படத்தைத் திருத்தும் வேலைக்கு அங்கே டச்சிங் என்று பெயர். பென்சிலும் மையும் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, அவளும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம். அவளுடைய கைராசி ஆள் சேர்ப்பதில் இருந்தது. லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வராத அண்ணன், கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அப்பா, அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மாமா, யாராக இருந்தாலும் சரி, ஒரு பழைய படத்திலிருந்து தலையை எடுத்துவந்து வரிசையில் நிறுத்திவிடுவாள். இதைத்தான் ஸ்டூடியோவில் ஆள் சேர்க்கிறது என்பார்கள்.

இந்தப் படம் நூறு வருஷத்துக்கும் மேலே பழையது. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட ஒரு கம்பெனி, நூறாவது ஊரில் கொட்டகை போட்டதன் நினைவாக எடுத்துக்கொண்டது என்று அட்டையின் அடியில் அச்சாகியிருந்தது. இருபத்தாறு பேர். ராஜா வேஷம், ராணி வேஷம் கட்டிய மீசை மழித்த ஆண், மடியில் தொப்பியை வைத்திருந்த கோமாளி, ஆர்மோனியக்காரர், அவர் காலடியில் ஒரு நாய். எல்லோருக்கும் பின்னால், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் நாடகப் படுதா. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எப்படியும் ஒருத்தர் அசைந்து புகையாக விழுந்திருப்பார். இதில் ஒருவரும் அசையவில்லை. நாய்கூட அசையவில்லை.

படத்தைக் கொண்டுவந்த பெரியவர் மத்தியானத்திலிருந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வெகுநாள் பூட்டியிருந்த துணிப்பெட்டியைத் திறந்ததுபோல அவரிடமிருந்து ஒரு வாசனை வந்தது. அதற்குள்ளே முகப்பவுடரின் இனிப்பும் கலந்திருந்தது.

"ஒரு ஆள் குறையுதும்மா. சேர்த்துக் குடுத்துடுங்க."

"யாருங்க அவரு? வேற படம் ஏதாவது இருக்கா?"

"யாரா இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துச் சேருங்க."

"சொந்தக்காரங்க பார்த்தா கேக்க மாட்டாங்களா?"

"எங்களுக்குச் சொந்தபந்தமெல்லாம் கம்பெனிக்குள்ளதான். காலி நாற்காலியத் தூக்கிக்கிட்டு இன்னும் எத்தனை ஊருதான் போறது, சொல்லுங்க."

பரம்பரைக் கம்பெனி போலிருக்கிறது, பழைய நினைப்பில் பேசுகிறார் என்று அவள் விட்டுவிட்டாள். கழுத்து வலித்தது. உள்ளேயிருந்து முதலாளி, "டச்சிங், அஞ்சு மணிக்குள்ள அதை முடிச்சு அனுப்பிடு" என்று வேறு குரல் கொடுத்தார்.

படத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. அதே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்த ஓர் ஆண் முகம் வேண்டும். தேடத் தெம்பில்லை. கைக்கெட்டிய இடத்தில் தம்பியின் முகம் இருந்தது. போன மாதம் வேலைக்கு மனுப் போட எடுத்த பாஸ்போர்ட் படம்.

தம்பி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். பதினாறு வயதில் லாரியில் ஏறிப் போனான். திரும்பிவந்து, மறுபடியும் போனான். மூன்றாவது தடவை போனவன் ஒன்பது வருஷம் ஒரு கடிதம் போடவில்லை; அம்மா வாசலைப் பார்த்தபடியே கண்ணை மூடினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடைக்குப் போய்விட்டு வந்தவனைப்போல உள்ளே வந்து தண்ணீர் கேட்டான். இப்போது லாண்டரியில் துணி தேய்க்கிறான். உலகத்தில் அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். மறுபடியும் போய்விடுவானோ என்ற பயம் ஒரு நாளும் அவளை விட்டுப் போகவில்லை. படத்திலாவது ஓர் இடத்தில் உட்காரட்டும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டே அவன் தலையை எடுத்து, ஒரு கோட்டுப்போட்ட உடம்பைத் தயார் செய்து, நாற்காலியில் வைத்தாள்.

கழுத்தைப் பொருத்துவதற்கே எப்போதும் அரை மணி நேரம் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை. வைத்தாள், உட்கார்ந்துகொண்டது. காற்றில் நின்ற கைக்கு அடியில் தோள் கச்சிதமாக வந்து சேர்ந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில், ஒட்டியதெல்லாம் ஒரே படமாகிவிடும்படி சேர்த்து மூடினாள். அப்படி மூடிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. பிரதி போட்டுக் கொடுத்தாள். பெரியவர் விரலை வைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"இருபத்தேழு. ஆள் சேர்ந்தாச்சு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை. தரையில் காலை நீட்டிக் கிடக்கும் தம்பி அன்று நாற்காலியில், வாசலைப் பார்த்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"லைட்டப் போட்டா என்னடா?"

"அசையக் கூடாதுன்னாங்க."

"யாரு?"

வெகுநேரம் யோசித்தான். அதுவரை ஒருமுறைகூட இமைக்கவில்லை. "தெரியலக்கா. தோள் வலிக்குது, என்னன்னு பாரு."

சட்டையை விலக்கினாள். நெஞ்சுப் பக்கம் நான்கு விரல், முதுகுப் பக்கம் கட்டைவிரல். பின்னாலிருந்து யாரோ பிடித்த அடையாளம், நீலமாகப் பதிந்திருந்தது.

"கடையில எவன்கூடவாவது சண்டையா?"

"இல்லக்கா."

தைலம் தேய்த்தாள். அந்த ஐந்து இடம் மட்டும் ஈரத் துணியைப்போலச் சில்லென்று இருந்தது. அவன் தலைமுடியில் முகப்பவுடரின் இனிப்பு வாசனை அடித்தது. எங்கே மோந்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. களைப்பு, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

காலையில் அவன் பரண்மேல் எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற?"

"பொட்டியக்கா. எங்க வெச்ச? என்னை ஆள் சேர்த்திருக்காங்க."

ஆள் சேர்க்கிறது. ஸ்டூடியோவுக்கு வெளியே யாரும் சொல்லாத வார்த்தை என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படியில்லை. நாடகக் கம்பெனியும் ஆள் சேர்க்கும். பட்டாளம்கூட ஆள் சேர்க்கும். அந்தப் பெரியவர் கேட்டது படத்தை இல்லை. ஆளை. இவள்தான் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

"எங்கயும் போகாத. நான் வர்ற வரைக்கும் வாசப்படி தாண்டாத. என்மேல சத்தியம் பண்ணு."

"போகணும்னு எனக்கா ஆசை?" என்றான் தம்பி. அவன் கண்ணில் நீர் நின்றது. "இந்தத் தடவை நிஜமாவே ஆசை இல்லக்கா."

கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஓடினாள். கம்ப்யூட்டர் உயிர் பெறுவதற்குள் அவள் உயிர் பாதி போய்விட்டது. படம் திறந்தது.

நேற்று எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று பார்க்கவில்லை. ராஜா, ராணி, கோமாளி, இருபத்தாறு பேரும் கழுத்தைத் திருப்பி நடு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயும்தான். பின்னால் நின்றவரின் விரல்கள் தம்பியின் கோட்டைக் கசக்கிப் பிடித்திருந்தன. பாஸ்போர்ட் படத்துக்காக இறுக்கி மூடிய அவன் வாய், திறந்திருந்தது. அக்கா என்று கூப்பிட்டால் வாய் எப்படித் திறக்குமோ, அப்படி.

என் கையால் சேர்த்தேன், என் கையாலேயே எடுப்பேன். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. படம் ஒன்றாக மூடியாகிவிட்டது. ஆளைப் பிரிக்க வழியில்லை. ஒரே வழிதான். பின்னால் தொங்கும் படுதாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவன்மேல் பரப்பி மூடவேண்டும். அவன் இருந்த இடத்தில் படுதா தெரிந்தால் அவன் இல்லை என்று ஆகிவிடும்.

தொழில் பழக்கம், முகத்தில்தான் கை போகும். வாடிக்கையாளர் முகத்தைத்தான் பார்ப்பார், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை. நெற்றியில் ஒரு மடிப்பு. இடது கண்ணில் ஒரு மடிப்பு. வலது கண். மூக்கு. வாயில் மட்டும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதையும் மூடினாள்.

போன் அடித்தது. தம்பி.

"டேய், சொல்றா."

மூச்சு. துணி உரசும் சத்தம். மறுபடியும் மூச்சு. கொடியில் காயும் கனத்த போர்வை காற்றில் உப்புவது போன்ற சத்தம்.

"பேசுடா!"

"ம்" என்றது. "ம். ம்."

"டச்சிங், எங்க ஓடற?" என்று முதலாளி கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தெருவில் நல்ல வெயில். பால்காரர் சைக்கிளை ஒதுக்கினார். யாரோ என்னம்மா என்றார்கள். சாவி பூட்டுக்குள் போகவில்லை. போனது. கதவு திறந்தது.

நாற்காலியில் இருந்தான். முதுகு இந்தப் பக்கம். அதே சட்டை. பின்னந்தலையில் அதே சுழி. போகவில்லை. இருக்கிறான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி."

திரும்பினான்.

காது அவனுடையது. முடி அவனுடையது. நடுவில் முகம் இல்லை. நெற்றி முனையிலிருந்து மோவாய் வரை சாம்பல் நிறப் படுதா தொங்கியது. மடிப்பு மடிப்பாக. மூச்சை இழுக்கும்போது உள்ளே போனது. விடும்போது வெளியே வந்தது.

"பயப்படாதடா. நான்தான்... நான்தான் பண்ணினேன். இப்பவே போய்ச் சரி பண்ணிடறேன்."

அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

அப்போது அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து கேட்டது. காலடிச் சத்தம். பலகைமேல் நடக்கும் கால்கள். ஒன்றல்ல, பல. ஏதோ கனமானதை இழுத்து வைத்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை அழுந்தியது. பிறகு எல்லாம் அடங்கியது.

தம்பியின் மோவாய்க்குக் கீழே படுதாவின் ஓரம் அசைந்தது. மெதுவாகச் சுருண்டு, மேலே ஏறத் தொடங்கியது.