முதுகு மட்டும் போதும்

வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டுக்கு அக்காவும் தம்பியும் மட்டும் திரும்பி வந்தார்கள். நல்ல பகல்தான். ஆனாலும் கதவைத் திறந்ததும், பூட்டிக் கிடந்த இருட்டும் நனைந்த காகித வாடையும் முகத்தில் அடித்தன.

அக்காதான் இயக்குநர். சினிமாவில் அவளுக்குக் கைகொடுக்க ஒரு நாதியும் கிடையாது. ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியில் தியேட்டர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுத்த கேமராவிலேயே, நேரடியாக வீடியோவில் விடுவதற்கென்று ஒரு பேய்ப்படம் ஆரம்பித்தாள். வாங்கிக்கொள்ள ஒருவர் சம்மதித்தும் விட்டார். மகளிடம் அப்பா மன்னிப்புக் கேட்கும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. அது இல்லையென்றால் படமே இல்லை.

அப்பாவாக நடித்த பெரியவர் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆயுசு முழுக்கப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற மனிதர். இதில்தான் முதல் முறையாக முகம் தெரியும் வேடம். "என் முகத்தக் கிட்ட வச்சு எப்பம்மா எடுப்பீங்க?" என்று தினமும் கேட்பார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இவளும் தினமும் தள்ளிப்போட்டாள்.

"அவரு சட்டையப் போட்டுட்டு ஜன்னலப் பாத்து உக்காரு. முதுகு மட்டும் போதும். குரல அப்புறம் யாரையாவது வச்சு டப்பிங் பண்ணிக்கலாம்."

"செத்தவரு சட்டை, அக்கா. உடம்பெல்லாம் கூசுது."

"நடிக்க வேணாம், சும்மா உக்காரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

தம்பி முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமராவின் சின்னத் திரையில் கண் வைத்தாள்.

"ஆக்‌ஷன்."

தெருச் சத்தம் மெல்ல அடங்கியது. ஹெட்போனில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விடும் வயதான மூச்சு.

திரையில் முதுகு அசைந்தது.

"திரும்பாதடா," என்று முணுமுணுத்தாள்.

"நான் எங்க திரும்பினேன், அக்கா?"

நிமிர்ந்து பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தான்.

திரையில் பெரியவர் முழுதாகத் திரும்பியிருந்தார்.

'கட்' சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பயத்தையும் மீறிக் கை ஜூமை மெல்ல நெருக்கிக்கொண்டு போனது. நரைத்த மீசை. நெற்றிச் சுருக்கம். கலங்கிய கண்.

"என்ன மன்னிச்சிடும்மா," என்றார் பெரியவர்.

அவள் எழுதிய வசனம்தான். யார் யாரிடம் கேட்க வேண்டியது அது! அவளுக்கு அழுகை பொங்கியது.

"கட்."

தம்பி எழுந்தான். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "முடிஞ்சுதா? நான் போய் வண்டிய எடுக்கறேன்," என்று வெளியே நடந்தான்.

முடிந்துவிட்டது. படம் கைக்கு வந்துவிட்டது.

திரையில் பெரியவர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவசர அவசரமாகக் கேமராவை அணைத்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

வெறும் காதில் மூச்சுக்காற்று பட்டது.

"சரியா வரலம்மா. இன்னொண்ணு எடுப்போம்."