வாசல் கத்தாழை

ஏழு வருடமாக வாடாத வாசல் கத்தாழை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுருங்கத் தொடங்கியதைச் செவந்திதான் முதலில் பார்த்தாள்.

மண் கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. வேர் வானத்தையும் மடல் தரையையும் பார்க்க, கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது இத்தனை நாளும் கொழுகொழுவென்று இருந்தது. எதைத் தின்று கொழுத்தது என்று கேட்கவே வேண்டாம். அவள் புருசன் தங்கமுத்து பதினோரு வருடம் குவைத் வெயிலில் வெந்து கட்டிய மாடி வீடு அது. குன்றாண்டார்கோவில் பஸ் அந்த வாசலைக் கடக்கும்போது ஜனங்கள் விடுகிற பெருமூச்சில் வண்டியே ஒரு பக்கமாகச் சாயும். அத்தனை கண்ணையும் வாங்கிக்கொள்ளத்தான் கத்தாழையைக் கட்டியிருந்தார்கள்.

அதே செவ்வாய்க்கிழமை தங்கமுத்துவும் படுத்தார். சோறு இறங்கவில்லை. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் உள்ள டெஸ்ட்டெல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, மனுசர்தான் சரியாக இல்லை.

எதிர்வீட்டு அருணா வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“வாடிருச்சுன்னா வாங்குனது நெறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்க்கா. முச்சந்தியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க.”

செவந்தி கேட்கவில்லை. அது வாடியதால் அவர் வாடினார் என்றால், அது தழைத்தால் அவரும் எழுந்து உட்காருவார் என்று நம்பினாள். கயிற்றை விட்டுவிட்டுச் செடியை மட்டும் அவிழ்த்தாள். காய்ந்த வேரை வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பழைய பெயிண்ட் வாளியில் மணலும் செங்கல் சல்லியும் கலந்து நட்டு, அவருடைய கட்டிலை ஒட்டின ஜன்னலில் வைத்தாள். ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. மூன்றாம் நாளே மடல்கள் நிமிர்ந்தன. பத்தாம் நாள் ஒவ்வொன்றும் ஒரு பயில்வானின் கை கனம்.

அதற்கப்புறம்தான் கசப்பு வந்தது. முதலில் குடத்துத் தண்ணீர், பிறகு ரசம், பிறகு மூன்று கரண்டி சர்க்கரை போட்ட காபி. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்த விரல் தெரியாமல் அவள் உதட்டில் பட்டபோது அதுவும் கத்தாழைச் சாறாகக் கசந்தது. மடல் பருக்கப் பருக்க அவருடைய கை குச்சியாகி, தோல் மடிந்து, மடிப்புகளில் பச்சை ஓடியது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வாளிக்குள்ளிருந்து, கொதித்து அடங்குகிற உலையைப் போல, ஒரு முணுமுணுப்பு. கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து காதைக் கொடுத்தாள்.

பேச்சு. ஏழு வருடமாக அந்த வாசலைக் கடந்தவர்கள் வாய்க்குள் சொன்னதெல்லாம், ஒன்றன்மேல் ஒன்றாக. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்றது நாத்தனார் குரல். இடிந்து விழாமலா போகும் என்றது அருணா குரல். எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாவற்றையும்விடத் தெளிவாக, இன்னொன்று.

“பதினோரு வருசம் நாதியத்துக் கெடந்தவ நானு. பேரு மட்டும் இந்த மனுசனுக்கு. இவரும் ஒருநா ஒத்தையாக் கெடந்து பாக்கட்டும், அப்பத் தெரியும்.”

அவளுடைய சொந்தக் குரல். குடிபுகுந்த அன்று, வந்தவர்களெல்லாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்க, வாசலில் நின்று அவள் முனகியது. அவள் மறந்திருந்தாள்.

அது மறக்கவில்லை.

முச்சந்தி. இப்போதே. வாளியை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக. அடியைப் பிளந்துகொண்டு வெள்ளை வேர்கள் சுவரோடு இறங்கியிருந்தன. கட்டில் கால் வழியாக ஏறியிருந்தன.

திரும்பினாள். கட்டில் காலி. குனியும் முன் அவர் அங்கேதான் படுத்திருந்தார்.

“ஏங்க.”

எழுந்து ஓடினாள். ஹாலிலும் இல்லை. செருப்பு இடத்தில் இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. கயிறு மட்டும் கிறீச்சிட்டது.

பாதம் வானத்தைப் பார்க்க, தலை தரையைப் பார்க்க. கால்விரல்களிலிருந்து வேர்கள் கயிற்றைச் சுற்றியிருந்தன. கண் திறந்திருந்தது.

குன்றாண்டார்கோவில் பஸ் கடந்தது. ஜன்னலோரத்தில் யாரோ வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

தங்கமுத்துவின் தொண்டை மெதுவாக ஒரு மிடறு விழுங்கியது. ஒட்டிப்போன கன்னம் லேசாகப் பூரித்தது.