கொய்னா எடுத்தது யார்

1966. நீலகிரியில், கட்டபெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மழை விட்ட பிற்பகலில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த அழகையாவுக்கு, அடுப்புப் புகையையும் ஈரக் கம்பளியின் நாற்றத்தையும் மீறிக்கொண்டு கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. மனைவி பேச்சியிடம் கேட்டார்.

"நம்ம ஊட்டுல ஏதுங்க கிராம்பு?" என்றாள் அவள்.

அவர் மறுபடி கேட்கவில்லை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடமாகியும் அவளிடம் சொல்லாத ஒன்று அந்த வாசனையில் இருந்தது. யுத்தத்தின்போது, காட்டுக்குள் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப்போன தமிழர்களில் அவரும் ஒருவர். அவர்கள் பாஷை கொஞ்சம் பிடிபட்டதால் துபாஷியாக்கினார்கள். முகாம் அதிகாரி தினமும் தன் வாளுக்குக் கிராம்பு எண்ணெய் பூசுவான். தன் முன்னோர் ஜப்பானை ஆண்ட ஷோகன்களுக்குச் சேவகம் செய்த சாமுராய்கள் என்றும், பொய் சொல்லி உயிர் வாழ்வது அவர்களுக்குச் சாவைவிடக் கேவலம் என்றும், குழந்தைக்குக் கதை சொல்வதுபோல் மெதுவாகச் சொல்வான்.

ஒருநாள் மலேரியாவுக்கு வைத்திருந்த கொய்னா மாத்திரைகள் காணாமல் போயின. எடுத்தவர் அழகையா. பாதியைத் தன் கூட்டாளி செல்லதுரைக்குக் கொடுத்திருந்தார். யார் என்று அதிகாரி கேட்டபோது, காய்ச்சல் தேறி எழுந்து நின்ற செல்லதுரையைக் கைகாட்டினார். அந்த வாளின் கீழே மண்டியிட வைத்த பிறகும், அழகையா ஏதாவது பேசிக் காப்பாற்றிவிடுவார் என்று அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசனை வாசலைத் தாண்டிப் போயிற்று. அவரும் பின்னால் போனார். தேயிலைச் செடிகளைப் பனி மூடியிருந்தது. பூட்ஸ் சத்தம். நின்றது. முதுகுக்குப் பின்னால், உறையிலிருந்து இரும்பு உருவப்படும் சன்னமான ஓசை.

பனிக்குள்ளிருந்து அதே பாஷை. அதே கேள்வி.

யார்?

இருபத்து மூன்று வருடம். அழகையா மண்டியிட்டார். கழுத்தைத் தாழ்த்தினார்.

"நான்தான் எடுத்தேன். அவனில்ல."

வெட்டு விழவில்லை. எங்கோ பேச்சி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தார்.

செடி வரிசைகளுக்கு நடுவே ஆட்கள். பனி மறைக்கும் தூரம்வரை. இடுப்பில், முகாமில் கட்டிய அதே சாக்குத் துணி. மண்டியிட்ட முழங்கால்கள். ஒருவருக்கும் தலையில்லை.

அத்தனை தோள்களும் மெல்ல அவர் பக்கம் திரும்பின. பிறகு, ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டார்கள்.