அறுநூற்றுப் பதினாலாம் கட்டு

வாசிப்பறையில் சோம்பு மிட்டாய் வாசனை அடித்தது. தின்பண்டம் எதையும் கொண்டுவரக் கூடாத அறை அது. பழைய தோல் அட்டை, தூசி, ஈரச் சுவர், வெந்நீர்க் குழாய்களின் துரு, இவற்றைத் தவிர வேறெந்த வாசனையும் நாற்பது வருடத்தில் எர்மான்னோ ரம்பாட்சோவின் மூக்குக்கு அங்கே எட்டியதில்லை. ஒரே ஒருத்திதான் விதியை மீறுவாள், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு. அவளைப் புதைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

அவர் வாசல் பதிவேட்டில் பென்சிலால் பெயரை எழுதினார். நேரம் மூன்றரை. ஜன்னலுக்கு வெளியே பதுவை நகரம் மூடுபனிக்குள் போயிருந்தது. தெருவின் எதிர்ச்சாரிக் கட்டடங்களின் வளைவுகள்கூடத் தெரியவில்லை. அந்தோனியார் பேராலயத்து மணி மட்டும் எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாதபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"வாங்க புரொபசர்," என்றாள் இவானா. ஆவணக் காப்பாளர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "செவ்வாய்க்கிழமை கழகத் தலைவர் ஆயிடுவீங்க. அப்புறம் எங்க ஞாபகமெல்லாம் எங்க இருக்கப்போகுது."

"தலைவர் ஆனாலும் நீ எடுத்துக் குடுத்தாத்தானே நான் படிக்க முடியும். அறுநூத்துப் பதினாலு வேணும்."

"சாக்கடைப் புகாரா? யாருமே தொடமாட்டாங்களே அதை."

"பார்க்கணும்னு தோணிச்சு."

"இன்னைக்குச் சனிக்கிழமை, அஞ்சு மணிக்கு மூடிடுவேன். அப்புறம் செவ்வாய்தான். இந்தப் பனியில நீங்க தொலைஞ்சு போயிடாதீங்க, உங்களுக்கும் சேத்து அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏத்த என்னால ஆகாது."

அவர் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

அந்த மெழுகுவர்த்திதான் மூன்று இரவுகளாக அவரைத் தூங்கவிடவில்லை. எண்பத்தெட்டாம் கட்டின் கையெழுத்துத் தாளைக் காணவில்லை என்று போன வாரம் கண்டுபிடித்த இவானா, பேராலயத்துக்குப் போய்த் தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரிடம் முறையிட்டுவிட்டு வந்திருந்தாள். செவ்வாய்க்குள் கிடைத்துவிடும் என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்த ஊரில் அதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். முப்பது வருடமாகக் கோயில் படி மிதிக்காத எர்மான்னோவுக்கும் சிரிப்பு வரவில்லை.

அறிஞர் கழகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டின் மேலேயும் ஒரு தாள் இருக்கும். கட்டை அவிழ்க்கிறவர் அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். எண்பத்தெட்டாம் கட்டின் தாளில் ஏழு வருடத்துச் சனிக்கிழமைகளும் ஒரே பெயரில் நிறைந்திருந்தன. ஒர்னெல்லா பிஸ்ஸாக்கோ, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பட்டம் இல்லை, பதவி இல்லை, சிபாரிசு இல்லை. நானூறு வருடம் முன்பு ஒரு பெரிய பேராசிரியர் தன் பெயரில் வெளியிட்ட உடற்கூற்றுப் பாடங்கள் உண்மையில் அவருடைய உதவியாளன் எழுதியவை என்று அவள்தான் கண்டுபிடித்தாள். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து எர்மான்னோவிடம் கொடுத்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் புரொபசர், நான் இதை அச்சுல கொண்டுவந்துடுவேன்."

"இதுல ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். ஒன்றரை வருடத்தில் அது அவருடைய புத்தகமாக வந்தது. திருடியவனைப் பற்றித் திருடி எழுதிய புத்தகம்.

அவள் முறையிட்டாள். கழகத்தின் விசாரணைக் குழு கூடியது, இவானா வேலைக்கு வருவதற்கு முன்பு. தாளைப் பாருங்கள், ஏழு வருடமும் என் கையெழுத்து இருக்கிறது என்றாள். தாள் இல்லை. அப்போது எர்மான்னோ சொன்னதைக் கேட்டுக் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். "காகிதத்துல இல்லாதவங்க இங்க வந்ததே இல்லைன்னுதான் அர்த்தம்." அதற்குப் பிறகுதான் வாசலில் பதிவேடு வைத்தார்கள். அவளை உள்ளே விடவேண்டாம் என்றும் சொல்லிவைத்தார்கள். சனிக்கிழமைதோறும் எதிர்ச்சாரி வளைவின் கீழ் வந்து நின்றாள், பனியிலும் மழையிலும். நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி இறந்தாள்.

வேறெந்தத் திருடனும் அந்தத் தாளை அன்றைக்கே கொளுத்தியிருப்பான். எர்மான்னோவால் முடியவில்லை. ஒரு பழைய சலவைச் சீட்டைக்கூட நாற்பது வருடத்தில் அவர் கிழித்தது கிடையாது. ஆவணத்தை அழிக்க அந்தக் கை பழகவில்லை. அதனால் இன்னும் நூறு வருடத்துக்கு யாரும் அவிழ்க்கப்போகாத கட்டு எது என்று யோசித்து, அறுநூற்றுப் பதினாலில், சாயக்காரர் தெருவாசிகளின் சாக்கடைப் புகாருக்கு அடியில் செருகிவைத்தார். இன்று கோட்டுப் பையில் லைட்டர் இருந்தது.

இவானா கட்டை மேஜையில் வைத்துவிட்டு உள் அலுவலகத்துக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம். பிறகு குழாய்களுக்குள் நீர் நகரும் சத்தம். அதற்கும் பின்னால், அலமாரிகள் பக்கமிருந்து, சின்னக் கத்தியால் யாரோ பென்சில் சீவுவது மாதிரி ஒரு சத்தம் பொறுமையாகத் தொடங்கியது.

குழாய்தான், என்று சொல்லிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

மேலே இருந்த தாளில் கடைசிக் கையெழுத்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் போட்டது. செருகிவைத்த அன்று அவரே பார்த்தது. இப்போது அதற்குக் கீழே மூன்று வரிகள் இருந்தன, பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்காகக் கரும்பலகையில் எழுதுகிற உருண்டை எழுத்தில். ஒர்னெல்லா பிஸ்ஸாக்கோ, சனிக்கிழமை. ஒர்னெல்லா பிஸ்ஸாக்கோ, சனிக்கிழமை. ஒர்னெல்லா பிஸ்ஸாக்கோ, போன சனிக்கிழமை.

விரலால் தொட்டார். கரி ஒட்டிக்கொண்டது.

சீவும் சத்தம் நின்றது. சோம்பு வாசனை நெருங்கியிருந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. எழுந்து போய் இவானாவின் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நான்தான் எடுத்தேன், அவள் பொய் சொல்லவில்லை என்று இரண்டே வாக்கியம். கண்ணில் நீர்கூட வந்தது. செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்ததும் கை தானாகவே கட்டுக்குள் போனது.

சாயக்காரர் தெரு. அதற்கு அடியில். இருந்தது.

ஏழு வருடத்துச் சனிக்கிழமைகள். கடைசி வரியில் அவருடைய பெயர், அவள் நோட்டைப் படித்த பிறகு கட்டைச் சரிபார்க்க வந்த அந்த ஒரே நாள். தாளை மேஜைக்கு அடியில் பிடித்து லைட்டரை அழுத்தினார். பொறி வந்தது, தீ வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை.

தேய்க்கும் சத்தம் கேட்டது.

ரப்பர். காகிதத்தின் மேல். அவர் கையிலிருந்த காகிதத்தின் மேல்.

கடைசி வரியில் முதலெழுத்து இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது போனது. அப்புறம் மூன்றாவது. ரப்பர் துகள்கள் அவர் மடியில் உதிர்ந்தன. மேலே இருந்த அவளுடைய வரிகளில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை.

பேராலயத்து மணி ஐந்து அடித்தது. அலுவலகக் கதவு திறந்தது. இவானா கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் காவலாளி நெரீயோ சாவிக்கொத்தோடு நின்றிருந்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்கேன்," என்றார் எர்மான்னோ. தன் காதுக்கே கேட்கவில்லை.

இவானா பதிவேட்டைப் புரட்டினாள். "இன்னைக்கு ஒரு பேரும் இல்ல."

"ரம்பாட்சோ வந்த மாதிரி இருந்துச்சே," என்றான் நெரீயோ.

"காகிதத்துல இல்லையே. அப்ப வரலைன்னுதான் அர்த்தம்." அவள் அவர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நேராக வந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கட்டின் அகலம்தான். "அறுநூத்துப் பதினாலை யாரு இங்க வெச்சது? செவ்வாய்க்கிழமை எடுத்து வெச்சுக்கலாம்."

அவர் அவளுடைய கையைப் பிடித்தார். பிடித்ததாகத்தான் நினைத்தார். அவள் கோட்டுக் கையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனாள்.

விளக்கு அணைந்தது. சாவி இரண்டு சுற்று.

பனியின் வெளுப்பு ஜன்னலில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கையிலிருந்த தாளை யாரோ மெல்ல உருவி எடுத்தார்கள், மாணவனிடமிருந்து பரீட்சைத் தாளை வாங்குவதுபோல. பக்கத்து நாற்காலி நகர்ந்தது. காகிதத்தில் பென்சில் எழுதத் தொடங்கியது. அவசரமில்லை அதற்கு.

அவருடைய கன்னத்துக்கு மிக அருகில், பல்லில் லேசாகத் தட்டி, மிட்டாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுங்கியது.