ஒரே அழைப்பில் வந்தவர்

அந்த ஒரு படத்தில் மட்டும் முகம் இல்லை. நேரலை அரட்டை அறைகளின் வரிசையை ஹில்மி கட்டைவிரலால் தள்ளத் தள்ள, பாடுகிறவள், மாவு பிசைகிறவள், மீசை முறுக்குகிறவன் என்று அலெக்ஸாண்டிரியாவே செல்போனில் சிரித்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றின் கீழும் பார்வையாளர்கள் நூற்றுக்கணக்கில். இதன் கீழே பூஜ்யம். படத்தில் ஒரு காலி நாற்காலி.

நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தெருவில் டிராம் சத்தம்கூட அடங்கிவிட, பக்கத்து வீட்டு வறுத்த வெங்காய வாசனையும் குழந்தைகளின் கூச்சலும் சுவர் தாண்டி வந்து அவருடைய ஒற்றைத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தன. மனைவி இன்ஷிராஹ் இறந்துபோன பிறகு வந்த முதல் ரமலான். மதியம் அக்கா ரதீபா போன் செய்திருந்தாள்.

"இங்க வந்து சாப்பிடுடா."

"உனக்கெதுக்குக்கா சிரமம்."

"அட, வாடான்னா!"

"இருக்கட்டும்க்கா."

"இப்ப வர்றியா இல்லியா?"

"பரவால்லக்கா..."

மூன்று முறை மறுப்பதுதான் அந்த ஊர் மரியாதை. நான்காவது அழைப்புக்காக மனுஷர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அவளோ, "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பிடும்போது துணைக்கு ஒரு குரல் இருந்தால் போதும். கூட்டமான அறைகளில் இந்தக் கிழவனை யார் சீந்துவார்கள்? யாரும் எட்டிப் பார்க்காத அறையைத் தொட்டார். அதே நாற்காலி. எங்கோ தண்ணீர் சொட்டியது. யாரோ மூச்சுவிடுவது மட்டும் மிக அருகில் கேட்டது.

நோன்பு திறக்கும் நேரத்துப் பீரங்கி முழங்கியது. பாங்கு. பேரீச்சம்பழம் வாயில் இருக்க, எதிரே யார் இருந்தாலும் சொல்லும் பழக்கத்தில், "வாங்க, சாப்பிடலாம்" என்றார். நிஜமாக யாரும் வருவதில்லை. "நீங்க நல்லா சாப்பிடுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

"வர்றேன்" என்றது குரல்.

முதல் அழைப்பிலேயே. ஹில்மி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. படம் அசைந்தது. படிக்கட்டு. உடைந்த மூன்றாம் படி. காவல்காரர் காயப்போட்ட கோடு போட்ட துண்டு. அது இந்த வீட்டுப் படிக்கட்டு.

போனை அணைத்தார். அணையவில்லை.

"வேணாங்க."

படம் ஒரு மாடி ஏறியது.

"இன்னிக்கு வேணாம்."

இன்னொரு மாடி. நீலக் கதவு. அவருடைய கதவு.

"ஐயோ, வேணாம்!"

"மூணு தடவை மறுத்தாச்சு" என்றது குரல், சந்தோஷமாக. "மரியாதை முடிஞ்சுது. இனி உக்காரலாம்."

கதவு திறக்கவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் எதிரே, இன்ஷிராஹின் நாற்காலி தரையை உரசிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. நின்றது. பிறகு மேசைப் பக்கம் நெருங்கியது.

ஹில்மி போனைப் பார்த்தார். அதில் ஒரு கிழவரின் முகம், மேசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து. வாயில் பாதி கடித்த பழம்.

அவருடைய கிண்ணத்தில் பருப்பு சூப் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.