முப்பத்திமூன்றாவது பொட்டு

முதலில் அலறியது மாடு.

காலை ஆறே முக்கால். ஆயுத பூஜைக்கு மறுநாள். ஸ்ரீரங்கத்தைத் தாண்டி இருக்கும் கொள்ளிடக்கரை கலைக் கல்லூரி. போர்ட்டிகோ வாசலில், உடைத்த பூசணிக்காய்களும் வாழைக்கன்றுகளும் சாமந்தி மாலைகளும் குவிந்து கிடந்தன. பதினோரு டிபார்ட்மென்ட்... பதினோரு பூசணிக்காய்!

வேலி தாண்டி வந்த மாடு ஒரு வாழைக்கன்றை இழுத்தது.

கன்றோடு ஒரு கையும் வந்தது.

வாட்ச் கட்டிய கை!

"ம்மா...ஆ...!"

இரண்டாவதாக அலறியது வாட்ச்மேன் பிச்சமுத்து. மாட்டைவிடச் சத்தமாக.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு கார்களும் ஒரு தண்ணீர் லாரியும் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. தரையில் கிடந்த சிவப்பைக் குங்குமம் என்று நினைத்துவிட்டார்கள். தப்பில்லை... பாதி குங்குமம்தான்.

ஏழரைக்கு இன்ஸ்பெக்டர் பாக்கியமேரி வந்து இறங்கினாள். ஐம்பத்துமூன்று வயது. இருபத்தொன்பது வருட சர்வீஸ். எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாத ஒரு இடது முழங்கால்.

"யாருய்யா இது?"

ஹெட் கான்ஸ்டபிள் அடைக்கலம் குறிப்பு நோட்டைப் பிரித்தார்.

"பெனடிக்ட், மேடம். இந்தக் காலேஜோட கேமரா ரூம் ஆப்பரேட்டர். கைவாட்ச் நின்ன நேரத்தை வெச்சுப் பாத்தா, நேத்து சாயந்தரம் ஆறு, ஆறரை வாக்குல மூணாவது மாடி பால்கனியிலேர்ந்து விழுந்திருக்கார்."

"விழுந்தாரா... தள்ளினாங்களா?"

"காலர் கிழிஞ்சிருக்கு. சட்டைப் பட்டன் ரெண்டு பால்கனியிலேயே கெடக்கு. தானா விழுறவன் பட்டனைக் கழட்டி வெச்சிட்டு விழ மாட்டான் மேடம்."

"ரொம்ப ஆராயாதே. பாக்கெட்ல என்ன?"

ஒரு மனு! 'விடுதி வராந்தாவில் உள்ள கேமராவை அகற்றுக.' கீழே கையெழுத்து: பூவரசன், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு.

"அவனேதான் மேடம்!" என்று ஒரு குரல்.

கல்லூரிச் செயலாளர் அற்புதசாமி. வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. முகத்தில் துக்கம் அளவாக இருந்தது.

"நேத்துக் காலைல பூஜையில வெச்சே கத்தினான். 'உங்களையும் உங்க கேமராவையும் மாடிலேர்ந்து தள்ளிடுவேன்'னு பெனடிக்டைப் பாத்து... எல்லாரும் கேட்டாங்க. பாதுகாப்புக்காக முப்பத்திரண்டு கேமரா வெச்சிருக்கேன். பையனுக்கு ப்ரைவசி வேணுமாம்!"

"நேத்து சாயந்தரம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன் மேடம்."

எட்டு மணிக்குப் பூவரசன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். வியர்த்திருந்தான்.

"சத்தியமா நான் ரூமை விட்டு வெளிலயே வரல மேடம்."

"யாராவது பாத்தாங்களா?"

"லீவு... எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க."

"அப்ப யாரு சாட்சி?"

அவன் தலை கவிழ்ந்தது.

"...வராந்தா கேமரா."

"எதைக் கழட்டணும்னு மனு கொடுத்தியோ, அந்தக் கேமராவா?"

"அதேதான் மேடம்."

பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்திருக்கும். வருவதற்குள் செல்போன் வந்துவிட்டது. டி.எஸ்.பி.!

"ஆளு கிடைச்சாச்சாமே? நாலு மணிக்கு மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துங்க. ரிமாண்ட்!"

"சார், வீடியோ பாத்துட்டு..."

லைன் போய்விட்டது.

நாலு மணி. அதற்குள் நிஜ ஆளைப் பிடிக்காவிட்டால், இந்தப் பையன் உள்ளே. அவன் செய்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. தள்ளியவன் எவனும் தன் பெயர் எழுதிய மனுவை இறந்தவன் பாக்கெட்டில் விட்டுவிட்டுப் போக மாட்டான்.

கேமரா ரூம் பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் பேராசிரியை சுபஸ்ரீ நின்றாள். கல்லூரியின் ப்ரைவசி கமிட்டித் தலைவி. கையில் ஒரு ஃபாரம்.

"வீடியோ பாக்கணும்னா இதைப் பூர்த்தி பண்ணணும் மேடம். நாலு கையெழுத்து."

"ஏம்மா, வெளியில ஒரு பொணம் கெடக்கு!"

"தெரியும் மேடம். செயலாளர், கமிட்டித் தலைவர், கேமரா ஆப்பரேட்டர், அப்புறம் பதிவில் தெரியும் நபர்."

"ஆப்பரேட்டர் யாரு?"

"பெனடிக்ட்."

"அவரைத்தான் இப்ப ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டிருக்காங்க! மார்ச்சுவரிக்குப் போயி கையெழுத்து வாங்கிட்டு வரவா? அது சரி... பதிவில் தெரியும் நபரா? கொலைகாரன்கிட்ட போயி, 'தம்பி, உன் வீடியோவைப் பாக்கப் போறோம், ஒரு கையெழுத்துப் போடு'ன்னு கேக்கணுமா?"

"ஃபாரம் எழுதறப்போ நாங்க கொலையை யோசிக்கல மேடம்."

அற்புதசாமி பேனாவைத் திறந்தார். "கொண்டாங்க. நான் போடறேன். பாதுகாப்புன்னு வந்துட்டா நான் ஃபாரத்தைப் படிக்கக்கூட மாட்டேன்!"

சரக்கென்று போட்டார். பாக்கியமேரிக்கு அவரைப் பிடித்துப்போனது. பேராசிரியையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வில்லங்கம் பிடிச்ச ஃபாரத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்?"

"பெனடிக்ட்தான்" என்றாள் சுபஸ்ரீ. குரல் இறங்கியது. "போன வருஷம் கேன்டீன் பின்னாடி லின்சின்னு ஒரு பொண்ணு அழுதுட்டிருந்தா. அம்மா செத்த நியூஸ் அப்பதான் வந்திருக்கு. கேமராவுல பதிவானது மறுநாள் வாட்ஸ்அப்ல. காதல் தோல்வின்னு தலைப்பு போட்டு ஊரெல்லாம் சுத்திச்சு. படிப்பை விட்டுட்டுப் போயிட்டா. வீடியோ வெளியில விட்டது பெனடிக்ட்தான்னு எல்லாரும் பேசினாங்க. அவர் எதுவும் பேசல. இந்த ஃபாரத்தை எழுதிக்கிட்டு என்கிட்ட வந்தார்."

பாக்கியமேரி குரலைத் தணித்தாள்.

"சரிம்மா. இப்ப நான் என்ன பண்ணணும்?"

"போலீஸ் நோட்டீஸ் ஒண்ணு எழுதிக் கொடுங்க. ஃபாரமே வேணாம். மொதல்லயே சொல்ல வந்தேன்... நீங்க கத்திட்டே இருந்தீங்க."

நோட்டீஸ் எழுத இரண்டு நிமிஷம் ஆனது. கத்தியது முக்கால் மணி நேரம்!

கதவு திறந்தது. திரை உயிர்பெற்றது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஓட்டினார்கள்.

முப்பத்திரண்டு சதுரங்கள்.

முப்பத்திரண்டிலும்... மஞ்சள்! நடுவில் ஒரு சிவப்பு வட்டம்!

"என்னய்யா இது? முப்பத்திரண்டு நிலா தெரியுது!"

அடைக்கலம் திரைக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தார். பழக்க தோஷம்.

"சந்தனம் மேடம். நடுவுல குங்குமம்."

"பிச்சமுத்தூ...!"

வையம்பட்டிப் பக்கத்து மனிதர் பிச்சமுத்து. நிமிர்ந்து நின்றார். பயம் இல்லை. பெருமை இருந்தது.

"ஆமாங்கம்மா. நாந்தான் வெச்சேன். ஜெனரேட்டருக்கு வெச்சோம், தண்ணி மோட்டாருக்கு வெச்சோம், பஸ்ஸுக்கு வெச்சோம். ராப்பகலா முழிச்சிக்கிட்டு வேலை செய்யிற மிஷினு இது. இதுக்கு ஒரு பொட்டு வெக்காம விடலாங்களா?"

"பொட்டு வெக்கிறதுன்னா நெத்தியில வெக்கணும்யா! கண்ணுல வெச்சிருக்கியே!"

"அதுக்கு மூஞ்சி பூரா கண்ணுதாங்கம்மா. நெத்தி எங்க இருக்கு?"

பாக்கியமேரி கேள்வியை மாற்றினாள்.

"ஏன் இன்னும் காஞ்சு உதிரல?"

"நேத்து பூரா தூறலுங்கம்மா. ஈரக்காத்து. அதோட நான் ஒரு விரக்கடை கனத்துக்கு அப்பியிருக்கேன். நம்ம வேலை திருத்தமா இருக்கும்."

பதினோரு மணிக்கு வைத்த பொட்டு. பதினொன்றிலிருந்து கல்லூரி மொத்தமும் குருடு. விடுதி வராந்தாவும் குருடு. பூவரசனின் ஒரே சாட்சி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு கண்மூடியிருந்தது.

பதினொன்றுக்குப் பிந்தைய பதிவு முழுவதையும் ஓட்டிப் பார்த்து முடிக்கையில் மணி ஒன்றே முக்கால்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பிச்சமுத்து. "திரையில ஒண்ணு கொறையுது."

"என்ன கொறையுது?"

"கண்ணு வெச்ச மிஷினுக்கு மட்டும் சந்தன உருண்டை தனியாப் பிடிச்சேன். முப்பத்திமூணு உருண்டை. மிச்சம் இல்லாம வெச்சேன். இங்க முப்பத்திரண்டுதான் தெரியுது."

"நீ எண்ணினது தப்பு."

"எனக்கு எழுதத்தாங்கம்மா தெரியாது. எண்ணத் தெரியும்."

பாக்கியமேரி முழங்காலைப் பார்த்தாள். முழங்கால் வேண்டாம் என்றது. எழுந்து நடந்தாள்.

வாசல்... லேப்... நூலகம்... கேன்டீன்... விடுதி. அடைக்கலம் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் ஈரச் சந்தனம். சுற்றி முடிக்கையில் மணி மூன்று.

"முப்பத்திரண்டு மேடம். தீர்ந்துபோச்சு."

"பிச்சமுத்து! இந்தக் காலோட என்னை நடக்க வெச்சு வேடிக்கை பாக்கிறியா?"

"மீட்டிங் ரூமை விட்டுட்டீங்களேம்மா."

மூன்றாவது மாடி. பால்கனியை ஒட்டிய கண்ணாடிக் கதவு. உள்ளே நீள மேஜை. ப்ரைவசி கமிட்டி கூடும் அறை. ஏ.சி. பனிக்கட்டியாக அடித்துக்கொண்டிருந்தது.

"இதை யாருய்யா ஓடவிட்டது?"

"அணைக்கவே கூடாதுன்னு செயலாளர் ஐயா உத்தரவுங்க. அணைச்சா சோஃபாவுக்கு வேர்க்குமாம்."

பிச்சமுத்து கூரையைக் காட்டினார்.

"இந்தா இருக்குதே."

"அது புகை வந்தா அடிக்கிற மணிய்யா!"

"எல்லாரும் அப்படித்தாங்க சொன்னாங்க. ஆனா பெருக்கிறப்ப அது என்னையே பாத்துச்சு. அதனால அதுக்கும் ஒண்ணு வெச்சேன்... அட! எங்க பொட்டு?"

பொட்டு இல்லை!

மேஜை மேல் கிடந்தது. காய்ந்து, ஓடு மாதிரி, வட்டமாக... நடுவில் குங்குமத்தோடு.

அடைக்கலம் மேஜை மேல் ஏறினார். மூடியைத் திருகினார். உள்ளே ஒரு லென்ஸ். அதன் கீழே, நகக்கண் அளவில் ஒரு மெமரி கார்டு. லென்ஸ் பார்த்த திசையில்... கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பால்கனி!

சுபஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க ப்ரைவசி பத்திப் பேசின ஒவ்வொரு மீட்டிங்கையும்... யாரோ பாத்திருக்காங்க!"

"லேப்டாப் கொண்டாம்மா. அடைக்கலம், கார்டை எடுத்துட்டு மூடியைப் பழையபடி திருகு. செயலாளரைக் கூப்பிடு."

மூன்று இருபதுக்கு அற்புதசாமி வந்தார்.

"என்ன மேடம், இன்னும் பையனைக் கோர்ட்டுக்கு அனுப்பலையா?"

"அதுக்குள்ள ஒரு தொந்தரவு சார். இந்தப் புகை மணிக்குள்ள ஒரு கேமரா இருக்கு."

"கேமராவா!" நிமிர்ந்து பார்த்தார். நல்ல அதிர்ச்சி. குறை சொல்ல முடியாத அதிர்ச்சி. "எவன் வெச்ச வேலை இது? விசாரிக்கணும் மேடம். ஆனா இதை நம்பி நேரத்தைக் கெடுத்துக்காதீங்க. மத்ததை மாதிரி இதுவும் மஞ்சளாத்தான் தெரியும்!"



பாக்கியமேரி மெதுவாகக் கேட்டாள்.

"மேல பாருங்க சார். பொட்டு இருக்கா?"

"...இல்ல."

"இதுக்கும் பொட்டு வெச்ச விஷயம் பிச்சமுத்துவுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கே இப்ப இருபது நிமிஷமாத்தான் தெரியும். இது மஞ்சளா இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? உங்க செல்போனா?"

கஞ்சி போட்ட காலர் தளர்ந்தது.

"அது... பொதுவா ஒரு ஊகம்..."

சுபஸ்ரீ லேப்டாப்பில் கார்டைச் செருகினாள்.

திரை முழுக்க மஞ்சள். நேரம் ஓடியது. ஐந்து ஐம்பத்திரண்டு... மஞ்சளில் ஒரு விரிசல். இன்னொரு விரிசல். பொத்தென்று உதிர்ந்தது. அறை பளிச்சென்று தெரிந்தது!

ஆறு இருபது. பெனடிக்ட். கையில் அதே ஃபாரம். எதிரில் மொடமொடப்பான ஒரு வெள்ளைச் சட்டை.

"முப்பத்திரண்டு கேமராவும் உங்க செல்போன்ல வருது சார். முப்பத்திமூணாவதும் வருது. லின்சி வீடியோவை வெளியில விட்டது நீங்கதான். அந்தப் பொண்ணு விஷயத்துக்கப்புறம் பூவரசன் கொடுத்த மனுவையும் சேத்துக் கொண்டாந்திருக்கேன். முறைப்படி விசாரிக்கணும். ஃபாரத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க."

கொலைகாரனிடமே முதல் கையெழுத்துக் கேட்ட மனிதர்! முறை தவறத் தெரியாத மனிதர்!

வெள்ளைச் சட்டை பால்கனியைக் காட்டி ஏதோ சொன்னது. இருவரும் வெளியே போனார்கள். கை காலரைப் பற்றியது. ஃபாரத்தைப் பிடுங்கியது. அப்புறம்...

சுபஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏ.சி.யை அணைச்சிருந்தா பொட்டு ஒட்டிக்கிட்டே இருந்திருக்கும் சார்" என்றாள் பாக்கியமேரி. "சோஃபாவுக்கு வேர்க்கக் கூடாதுன்னு பாத்தீங்க. இப்ப உங்களுக்கு வேர்க்குது."

மூன்று ஐம்பதுக்கு டி.எஸ்.பி.க்குப் போன் போனது. அவர் முதல் தடவையாக லைனை வெட்டாமல் கேட்டார். ஜீப்பிலிருந்து பூவரசன் இறங்கினான். விஷயத்தைக் கேட்டான். வராந்தா கேமராவைப் பார்த்தான். அதன் சந்தனத்தைத் துடைக்கப் போய்... பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"அந்த மனு அப்படியே இருக்கட்டும் மேடம். வாபஸ் வாங்கல."

"வாங்காதே" என்றாள் அவள்.

மீட்டிங் ரூமில் அற்புதசாமிக்குக் கடைசி நிமிஷத்தில் குரல் திரும்பியது.

"செல்லாது! என் சம்மதம் இல்லாம என்னை எடுத்த வீடியோ! இது என் ப்ரைவசி!"

சுபஸ்ரீ காலையில் அவரே கையெழுத்திட்ட ஃபாரத்தை அவர் முன் நகர்த்தினாள். நாலாவது கோட்டில் விரலை வைத்தாள்.

"'பதிவில் தெரியும் நபர்.' இந்த இடமும் உங்களுக்குத்தான் சார்."

"போட மாட்டேன்! செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்!"

பாக்கியமேரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள்.

"வேணாம் சார்... கைரேகை போதும்!"