ஜவுளிக்கடைக்குச் சைபர்

ஷட்டரைக் காலால் மிதித்து இறக்கியதும் அவன் மூக்கில் முதலில் ஏறியது ஈரச் சுண்ணாம்பு வாசனை. பூட்டிப் பல வருஷமான ஜவுளிக்கடை அது. எலிப்புழுக்கை நாறலாம், பூஞ்சை நாறலாம், அதில் ஒரு நியாயம் உண்டு. யாரோ இப்போதுதான் பூசி முடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவப் போன மாதிரி பச்சைச் சுண்ணாம்பு எதற்கு நாறவேண்டும்? "மழைத்தண்ணி இறங்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

கடைத்தெருவில் எது பாரம்பரியக் கட்டடம், எது குட்டிச்சுவர் என்று மார்க் போடுவது அவன் உத்தியோகம். போன இடமெல்லாம் முட்டை போட்டதால் ஊருக்குள் அவனுக்குச் சைபர் சார் என்று பெயர். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை வேறு. நூறு வருஷம் விழாமல் நின்றால் பாரம்பரியமாம்! அப்படிப் பார்த்தால் என் மாமனாரையும் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாமே என்பான்.

இந்தக் கட்டடத்துக்குச் சைபர் விழுந்தே ஆகவேண்டும். ஒரு மார்க் கூடினாலும் இடிக்க முடியாது. மனைவியின் தம்பி இதை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பப்போகிறான். மூன்றாவது மாடியில் அக்காவுக்கு ஒரு வீடு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளையாகக் கிடந்து, மாமியார் எப்போது காபி தருவாள் என்று பார்த்துப் பார்த்து மானம் மரத்துப்போனவனுக்கு அந்த மூன்றாவது மாடிதான் சொர்க்கம்.

போன் அடித்தது.

"மாமா, முடிஞ்சுதா? ஆளுங்க கடப்பாறையோட டீக்கடையில நிக்கிறாங்க."

"சுவரு பூரா உளுத்துப்போச்சு மச்சான்."

"தட்டிப் பாத்தீங்களா?"

"இந்தக் குப்பையை வேற தட்டிப் பாக்கணுமாக்கும்? நீ கிளம்பி வா."

முறைப்படி விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டவேண்டும். கெட்டிச் சுவர் 'டக்'கென்று சொல்லும். பூச்சு கழன்று உள்ளே வெற்றிடமாகியிருந்தால் 'டொப்'பென்று கேட்கும். அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. முதல் கடப்பாறை விழுவது அதன்மேல்தான். அவன் எங்கேயும் தட்டவில்லை. கைபோன போக்கில் குறி போட்டுக்கொண்டே போனான். இரும்புத் தூண்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு ஆசாரி இதழ் இதழாகப் பூ செதுக்கியிருந்தான். வேலைவெட்டி இல்லாத பயல் என்று அதன் மேலும் ஒரு குறி இழுத்தான்.

அப்போதுதான் கேட்டது. சுவருக்கு உள்ளேயிருந்து.

டக்.

கொஞ்சம் தள்ளி, அவசரமே இல்லாமல், இன்னொரு டக். அவன் தட்டாமல் விட்ட இடங்களை, அவன் குறி போட்ட அதே வரிசையில், எதுவோ தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. எல்லாமே கெட்டி. ஒவ்வொரு டக்கும் 'நீ பொய்யன், நீ பொய்யன்' என்று சொல்வதுபோல் அவனுக்குப் பட்டது. எலிதான் என்று நினைத்துக்கொண்டான். எலி வரிசை தப்பாமல் தட்டுமா என்று உள்ளே கேட்ட குரலை அதட்டி அடக்கினான்.

"தட்டு, நல்லாத் தட்டு. இன்னிக்கே இருக்கு உனக்கு" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான். குரல் கிறீச்சிட்டது.

சத்தம் நின்றது.

மிச்சம் இருந்தது மாடிப்படிக்கு அடியில் உள்ள சுவர். அங்கே வாசனை தொண்டையைக் கரித்தது. சாக்பீஸ் வழுக்கியது. சுவர் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. மூன்றாவது மாடி போய்விடும் என்று மனசு சொன்னது. அன்றைக்கு முதல்முறையாக முட்டியை மடக்கித் தட்டினான்.

டொப்.

காதை வைத்தான். உள்ளே மூச்சு. இழுத்தது. விடவில்லை.

கை ஊன்றினான். ஊன்றிய இடம் தாங்கவில்லை. நனைந்த துணி மாதிரி உள்வாங்கியது. கை போயிற்று. தோள். முகம்.

இருட்டு.

கண் எரிந்தது. வாய் நிறையச் சுண்ணாம்பு. எதிரே மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதில் வெளிச்சம். வெடிப்புக்கு அப்பால் கடை தெரிந்தது. அவன் சட்டை தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டியபடி யாரோ நின்றார்கள். கையில் சாக்பீஸ்.

ஷட்டர் உயர்ந்தது. மச்சான், பின்னால் ஆட்கள்.

"என்ன மாமா, ஆச்சா?"

"சுத்தக் குப்பை மச்சான்." அவனுடைய குரலேதான். அதே இளக்காரம். "இந்தச் சுவர் ஒண்ணுதான் பாக்கி."

சுவருக்குள் அவன் அலறினான். காற்றுகூட வெளியே வரவில்லை. விரல் முட்டி மட்டும் அசைந்தது. தட்டினான். உயிரைக் கொடுத்துத் தட்டினான்.

மச்சான் திடுக்கிட்டான். "உள்ள யாரு?"

"உள்ள என்ன இருக்கும், வெறும் காத்து. நீயே தட்டிப் பாரேன்."

மச்சான் தட்டினான். உள்ளே அவன் நெற்றிக்கு நேராக. டொப்.

"ஆமா மாமா, ஒண்ணுமே இல்ல. டேய், இங்கேயே ஆரம்பிங்கடா."

சட்டைக்காரன் மெல்லத் திரும்பினான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. மொழுமொழுவென்று புதிதாய்ப் பூசிய சுண்ணாம்பு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் மச்சான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

சாக்பீஸ் வெடிப்பின் குறுக்கே ஒரு தரம் போயிற்று. இன்னொரு தரம் போயிற்று.

தரையில் இரும்பு இழுபடும் சத்தம். கடப்பாறையின் முனை அவன் கண்ணுக்கு நேராக வந்து, குறி பார்த்து, பின்னுக்குப் போயிற்று.